வெறும் கத்தரிக்கோல்

என் சொந்தக்காரர்கள் யாருக்கும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. கல்யாண வீட்டில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டியிருந்தால், "இது கட்சியில இருக்கு" என்பார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு என்ன பேச வேண்டும், எதைப் பேசவே கூடாது என்று சொல்லிக் கொடுப்பேன். ஊருக்குள் எதையாவது கட்ட வரும் கம்பெனிக்காரர்களுக்கு, மக்களிடம் எப்படிப் போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். துண்டு நோட்டீஸ் எழுதுவேன், மைக் பேச்சு எழுதுவேன், இப்போது வாட்ஸ்அப்புக்கும் எழுதுகிறேன். இதையெல்லாம் விளக்கினால், "இதுக்கெல்லாமா ஆள் வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு ரசம் வாங்கப் போய்விடுவார்கள்.

பொய்யை விற்கிற தொழில் என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. அதற்கு வெள்ளை அடிக்க நான் உட்காரவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். என்னைப் போல முன்கோபமும் வாய்த்துடுக்கும் உள்ள ஒரு பொம்பளையை வேறு எந்த வேலையும் இத்தனை வருஷம் வைத்துச் சோறு போட்டிருக்காது.

முதலில் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். ஏசி அறை, பெரிய திரை, அதில் கலர் கலராகக் கோடுகள். ஒரு தேர்தலுக்கு எங்கள் நிறுவனத்துப் பிள்ளைகள் அறந்தாங்கிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு வந்தார்கள். கேட்ட இடமெல்லாம் ஜனங்கள் சிரித்துக்கொண்டே, "நல்லாருக்குங்க, பாத்துக்கலாம்ங்க" என்று சொல்லியிருந்தார்கள். நிலைமை பிரமாதம் என்று திரையில் போட்டார்கள். நான் எழுந்து, "எங்க ஊர்ல பாத்துக்கலாம்னா கதவைச் சாத்தியாச்சுன்னு அர்த்தம். யாராச்சும் ஒருத்தர் வைதாங்களா? அதைச் சொல்லுங்க" என்றேன். ஒருவரும் வையவில்லை. அந்த வேட்பாளர் தோற்றார். அதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், கூட்டத்தில் மரியாதையாகப் பேசத் தெரியவில்லை என்று. அவர்களுக்கும் நன்றி. இல்லையென்றால் நான் புதுக்கோட்டைக்குத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாக நாற்காலி போட்டிருக்க மாட்டேன்.

அந்த மாடிக்குத்தான் போன உள்ளாட்சித் தேர்தலின்போது அந்தப் பெண் வந்தாள். மீமிசலுக்கு வடக்கே ஒரு ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பியவள். வயது நாற்பதுக்கு மேல். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"எங்களுக்கு ரேஷன் கடை ரோட்டுக்கு அங்கிட்டு இருக்குக்கா. நாங்க இங்கிட்டு, கடல் பக்கம். ஈசிஆர்ல கார் வர்ற வேகம் ஒங்களுக்குத் தெரியும். எங்க ஆத்தாவ அரிசி மூட்டையோட ஒரு காரு தட்டிட்டுப் போயிருச்சு. உசுரு இருக்கு. இடுப்பு போச்சு. எங்க பக்கம் ஒரு பகுதிநேரக் கடை வேணும். எத்தனை மனு குடுத்தும் வரல. அதுக்குத்தான் நிக்கிறேன்."

"வேற என்ன செய்வே?"

"வேற ஒன்னும் தெரியாது."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பொதுவாக வருகிறவர்கள் ஊரை சிங்கப்பூர் ஆக்குவேன் என்று ஆரம்பிப்பார்கள். இவளுக்கு ஒரே ஒரு கடை போதும். ஒரே ஒரு சாலையைக் கடக்காமல் இருந்தால் போதும். எதிரே நின்றவர் பழைய தலைவரின் மனைவி. அவர்கள் வீடு ரோட்டுக்கு மேற்கே, ரேஷன் கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அதிகாரிகள் கொடுப்பதுதான் சின்னம். எங்களுக்குக் கத்தரிக்கோல் விழுந்தது. எதிராளிக்குப் பூட்டு சாவி. ஒன்றிய அலுவலக வாசலில் அவள் முகம் செத்துப்போய்விட்டது.

"என்னக்கா இது, வெட்டுற சாமான்."

"சும்மா இரு. சீப்பு விழுந்தவன்லாம் ஜெயிச்சிருக்கான்" என்றேன்.

சீப்பில் ஜெயித்தவன் யார் என்று அவள் கேட்காமல் விட்டது நல்லது. எனக்கே தெரியாது.

அவளுக்கு ஒரு தம்பி. துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான், அக்காவை ஜெயிக்க வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று. நல்லவன். ஆனால் வேகம் அதிகம். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவான். நான் அறந்தாங்கியில் நோட்டீஸ் அடிக்கப் போயிருந்த ஒரு நாள், என்னைக் கேட்காமல் ஒரு பெட்டி நிறையக் கத்தரிக்கோல் வாங்கிவந்து, கூட வருகிறவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டான். எல்லோரும் கையை உயர்த்தி, கத்தரிக்கோலைத் திறந்து மூடி, கடக் கடக் என்று சத்தம் எழுப்பிக்கொண்டே தெருத் தெருவாகப் போயிருக்கிறார்கள். அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில். அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பி, "மேடம், செம எஃபெக்ட்" என்று எழுதியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் பிறந்த எவரும் அந்த வீடியோவைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். வெட்ட எதுவும் இல்லாமல் கத்தரிக்கோலைச் சும்மா திறந்து மூடினால் அந்த வீட்டில் சண்டை வரும் என்பார்கள். சின்ன வயதில் கத்தரிக்கோலை வைத்து விளையாடி முதுகில் வாங்காத பிள்ளை கிடையாது. துபாயில் பத்து வருஷம் இருந்தால் இது மறந்துபோகுமா? போயிருக்கிறது.

நான் பஸ்ஸிலிருந்தே அவனுக்குப் போன் போட்டு, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போகிற அளவுக்கு வைதேன். "மூட நம்பிக்கை மேடம்" என்றான். "ஓட்டுப் போடுறது யாரு, நீயா நானா? நம்புறவதான்டா போடப்போறா" என்றேன்.

மறுநாளே வெடித்தது. அந்த ஊர்வலம் போன தெருவில் ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. அது எப்போதும் நடக்கிற சண்டைதான், தெருவுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் போனை எடுத்து சவூதியில் இருக்கும் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"கத்தரிக்கோல ஆட்டிக்கிட்டுப் போனாளுக, ஒம்பொண்டாட்டி பொட்டியத் தூக்கிட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

மகன் அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அந்தக் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் இருக்கும் ஆண்கள். அங்கிருந்து ஒவ்வொருவனும் வீட்டுக்குப் போன் அடித்தான். அந்தக் கத்தரிக்கோல் பக்கமே போகாதே என்று. எதிரணிக்கு இது போதாதா? "எங்க பூட்டைப் போட்டு வீட்டைக் காப்பாத்திக்குங்க" என்று ஆட்டோவில் மைக் கட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வரியை எழுதியவன் எவனோ, கெட்டிக்காரன். தொழில் முறையில் அவனைப் பாராட்டினேன், மனசுக்குள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பதில் பேச்சு எழுதினேன். கத்தரிக்கோலால் குடும்பம் பிரியாது, மூட நம்பிக்கையை நம்பாதீர்கள், அறிவைப் பயன்படுத்துங்கள் என்று காரசாரமாக. நல்ல பேச்சு. இதை உன் குரலில் பேசி அனுப்பு என்று வேட்பாளரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு அறிவில்லைன்னு சொல்லி ஓட்டுக் கேக்கச் சொல்றீங்களாக்கா?"

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"அந்த வீட்டுக்குப் போவோம். வஞ்சா வாங்கிக்குவோம்."

போனோம். அவளும் நானும் மட்டும். தம்பியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

"இங்க என்னத்துக்கு வந்தே? மிச்சம் நான் ஒருத்தி இருக்கேன், என்னையும் பிரிச்சு விட்டுட்டுப் போகவா?"

"இல்ல சின்னம்மா..."

"சின்னம்மாவாம். ஓட்டு வந்தாத்தான் சின்னம்மா. ஒன் தம்பி துபாய்ல மூட்டை தூக்குனானா, புத்தியத் தொலைச்சானா? அந்தி நேரத்துல வெறும் கத்தரிக்கோல ஆட்டிக்கிட்டு வாரீகளே, வெட்ட ஒன்னுமே கெடைக்கலையா ஒங்களுக்கு? இவுக யாரு, மெட்ராஸ்காரவுகளா?"

"புதுக்கோட்டைங்க" என்றேன்.

"அங்கயும் இப்பிடித்தான் ஆட்டுவீகளா?"

தெருவில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுக்காரரு சவூதிலேருந்து போன் போட்டு என்னைய வையிறாரு, நான் எந்தக் கத்தரிக்கோலக் கண்டேன்" என்றாள். இன்னொருத்தி, "இனிமே எங்க தெருப் பக்கம் டெய்லருகூட வரமாட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வேட்பாளர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்குக் கோபம் மூக்கு வரை வந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. இவ்வளவு வைகிறார்கள் என்றால் இவர்கள் எங்களை இன்னும் கைவிடவில்லை. முடிவு செய்துவிட்ட ஜனம் வையாது, சிரித்துக்கொண்டே பாத்துக்கலாம் என்று அனுப்பிவைக்கும். இன்னொன்றும் காதில் விழுந்தது. வெட்ட ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார் அந்த அம்மா. கத்தரிக்கோல் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அது வெறுமனே ஆடியதில்தான் கோபம்.

வைது களைத்துப்போய் அந்த அம்மா உள்ளே போய் ஒரு அரிசிப் பையைத் தூக்கிவந்தார். ரேஷன் அரிசி. பையின் வாயை நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கி, மேலே முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தது. நகத்தால் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பல்லைக் கொண்டுபோனார்.

"எதுக்குச் சின்னம்மா இத்தனை முடிச்சு?" என்று எங்கள் வேட்பாளர் கேட்டாள். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"ரோட்டுல ஓடி வரணும்ல. போன தடவ பாதி அரிசி தார் ரோட்டுல கொட்டிப் போச்சு. காருக்காரன் ஆரன அமுக்குறான், நான் குனிஞ்சு அள்ளவா? மருமக இருந்தா அவ போய் வாங்கிட்டு வருவா. அவதான் போயிட்டாளே, புண்ணியவதி."

வேட்பாளர் கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் அதைத் திறக்காமலே நீட்டி, "வெட்டவா?" என்று கேட்டாள். அந்த அம்மா அவளை முறைத்தார். அப்புறம் பையை அவள் பக்கம் தள்ளினார். கயிறு அறுந்து விழுந்தது.

"இதுக்கு வச்சுக்க அந்தச் சாமான" என்றார்.

அவ்வளவுதான். எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஓட்டுப் போடுவேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் பேச்சு அதற்கப்புறம் ரோட்டைப் பற்றிப் போனது. ஒவ்வொருத்தியும் எந்த நேரத்துக்குப் போனால் கார் குறைவு, யார் யாரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது, மழையில் எப்படி, கைக்குழந்தை இருந்தால் எப்படி என்று சொல்லத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

எழுதிய நோட்டீஸ்களை ஓரம்கட்டினேன். அடுத்த நாளிலிருந்து கடல் பக்கத்துத் தெருக்களில் எங்கள் பிரச்சாரம் இதுதான். அவள் வீடு வீடாகப் போவாள். "ரேஷன் பை பிரிக்கணுமா?" என்று கேட்பாள். ஒரு வீடு தவறாமல் முடிச்சுப் போட்ட பை இருந்தது. பேச்சே தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் மட்டும் வேண்டுமென்றே படகு கட்டுகிற தடிக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டு, "இத வெட்டு, எம்பொண்ணையும் கூட்டிட்டு வந்து ஓட்டுப் போடுறேன்" என்றார் ஒருவர். அவள் வாசலிலேயே உட்கார்ந்து கை சிவக்கச் சிவக்க அறுத்தாள். பாதிக்கு மேல் போகவில்லை. "போதும் விடு ஆத்தா, கயிறு வெல எனக்குத்தான் தெரியும்" என்று அவரே வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையே நான் ஒரு ஆசைப்பட்டேன். அந்த மாமியார் எங்களுக்கு ஆதரவாக ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று போய்க் கேட்டேன். "நானாப் பேசுனா பேசுவேன். நீ பேசச் சொன்னா பேசமாட்டேன்" என்று துரத்திவிட்டார். மருமகள் அதற்குள் திரும்பி வந்திருந்தாள். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தாள். ஏன் வந்தாள், யார் சமாதானம் செய்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சண்டைக்குத்தான் கத்தரிக்கோல் காரணம், சமாதானத்துக்கு இல்லை.

பிறகு அந்த மாமியார் அவராகவே ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசினார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏண்டா, சவூதில துபாய்ல உக்காந்துக்கிட்டு அதுக்குப் போடாத, இதுக்குப் போடுன்னு போன் அடிக்கிறீகளே, ஒங்க ஆத்தாளும் பொண்டாட்டியும் ரோட்டுல உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுறாளுகளே, அதக் கேட்டீகளா? எவ வந்தா என்ன. கட எங்கிட்டு வரப்போகுதுன்னு கேளுங்கடா."

அது குழுவில் விழுந்ததும் நடந்ததை நான் எழுதித் திட்டம் போட்டிருந்தாலும் நடத்தியிருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து ஆண்கள் இரண்டு வேட்பாளர்களுக்கும் போன் போட்டார்கள். கடை வருமா, எழுதிக் கொடு, வீடியோவில் சொல்லு என்று. எங்கள் பக்கம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. எதிரணி இரண்டு நாள் யோசித்தது. பிறகு பழைய தலைவரின் மனைவியே வீடியோவில் வந்து, ஜெயித்தால் கடல் பக்கம் பகுதிநேர ரேஷன் கடைக்கு முதல் வேலையாகத் தீர்மானம் போடுவேன் என்று சொன்னார்.

நான் மேஜையை ஓங்கித் தட்டினேன். "திருடிட்டாங்க. நம்ம விஷயத்தை அப்படியே தூக்கிட்டாங்க."

தம்பி என்னைவிடக் குதித்தான். வேட்பாளர் மட்டும் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"நல்லா வெளக்கமாத்தான்க்கா சொல்றாக" என்றாள்.

தோற்றோம். கொஞ்ச ஓட்டில்தான். மேற்குப் பக்கத்து வீடுகள் அதிகம். கடல் பக்கம் எங்களுக்கு நன்றாகவே விழுந்திருந்தது, ஆனால் போதவில்லை. எண்ணுகிற இடத்தில் தம்பி அழுதான். நான் மறுபடி எண்ணச் சொல்லிக் கத்தினேன். அங்கிருந்த போலீஸ்கார அம்மா, "கொஞ்சம் மெதுவாங்க" என்று என்னை ஓரமாகத் தள்ளினார். எங்கள் வேட்பாளர் கூட்டத்துக்குள் புகுந்து, மாலையோடு நின்ற அந்தப் பெண்மணியிடம் நேரே போனாள். நான் பதறி ஓடினேன், கைகலப்பு என்று நினைத்து.

"கட வந்துரும்லங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெயித்தவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோர் கையிலும் போன், எல்லாமே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. "வந்துரும்ங்க" என்றார்.

உடனே வந்துவிடவில்லை. ஊராட்சித் தீர்மானம், கூட்டுறவு அலுவலகம், தாலுகா அலுவலகம் என்று இழுத்தது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் குழுவில் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடல் பக்கத்துப் பெண்கள் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று வைதார்கள். மனுக்களை நான் எழுதிக் கொடுத்தேன். தலைவரம்மாவே ஒருமுறை எனக்குப் போன் செய்து, அதிகாரிகளுக்கு எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

கடை திறந்த நாளில், அதற்கு இடம் கொடுத்த மகளிர் குழுக் கட்டடத்துக்கு முன்னால் தலைவர் முகம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். எங்கள் வேட்பாளர் பெயர் எங்கும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. அவளுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. இடுப்பு உடைந்த அம்மாவை வாக்கரோடு மெதுவாக வரிசைக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அந்த அம்மா தானே ரேஷன் வாங்க வருவது அதுதான் முதல் தடவை.

விற்பனையாளர் கைரேகை மெஷினை நீட்டினார். விரல் பதியவில்லை. துடைத்து வைத்தார்கள், பதியவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் ஆரம்பித்தார்கள். "மெசினு அந்தக் கடையிலேருந்து வந்ததா? அங்கயே அது இப்பிடித்தான்." "வெரல நல்லா அமுக்கு ஆத்தா, அது ஒன்ன கடிக்காது." வேறு விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அரிசி போட்டார்கள். அந்த அம்மா தராசைப் பார்த்தார், பையைப் பார்த்தார், விற்பனையாளரைப் பார்த்தார்.

"சீனி எங்க? சீனியும் போடு. கட தொறந்த அன்னைக்கே கொறைக்கிறியா?"

"சர்க்கரை இன்னும் லோடு வரல பாட்டி. அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் நான் எதுக்குடா வரணும்? நீ வாங்கி வைக்காம வெறுங்கடையத் தொறந்தியா?"

பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் பெரிதானது. அந்த ஆள் திண்டாடிப்போய்க் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.

"மேடம், நீங்களாச்சும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, நிழல் பார்த்து நின்று, அவர்கள் வைவதை முழுக்கக் கேட்டேன்.